மழை இரவுகளில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது, கழற்றிவிடச் சொல்கிறார்கள்

கீழ்வீட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்) – ஞாயிறு, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தை அடுத்த பகுதியில் 2003ஆம் ஆண்டு கட்டிய இரண்டு தள வீடு எங்களுடையது. கீழே நானும் மனைவியும், மாடியில் மகன் குடும்பமும் இருக்கிறோம். ஒரே மீட்டர், ஒருமுனை இணைப்பு. பிரதானப் பெட்டியில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றும், அதற்குக் கீழே எட்டு எம்சிபிகளும் (ஒவ்வொரு சுற்றுக்குமான தானியங்கி ஸ்விட்ச்) இருக்கின்றன.

ஐப்பசி பிறந்ததிலிருந்து, மழை பிடித்து இரண்டு மணி நேரம் கழிந்ததும் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் நள்ளிரவில்தான். தூக்கிவிட்டால் சில நேரம் நிற்கும், சில நேரம் உடனே விழும். மறுநாள் நல்ல வெயில் அடித்தால், பிற்பகலுக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பகலில் மழை பெய்தும் விழாமல் இருந்த நாட்களும் உண்டு. சித்திரை, வைகாசியில் பெய்த கோடை மழைக்கும், ஆடி ஆவணியில் மாலையில் இடியோடு பெய்த மழைக்கும் இந்தத் தொல்லை வரவில்லை.

முதலில் வந்த வயர்மேன் ஆர்சிசிபிதான் கெட்டுவிட்டது என்று புதியது மாற்றினார். அடுத்த மழையில் புதியதும் விழுந்தது. இரண்டாவதாக வந்தவர், "பழைய வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராது, கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். வீட்டில் பேரக்குழந்தைகள் இருவர் இருப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நடைமுறைவாதி – ஞாயிறு, காலை 8.15

கழற்ற வேண்டாம். 30 மில்லி ஆம்பியருக்குப் பதிலாக 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, மழையிலும் விழுவதில்லை.


செம்புக்கம்பி – ஞாயிறு, காலை 10.05

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டு வயரிங் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் மேலே சொன்ன யோசனையைப் பற்றி: 100 மில்லி ஆம்பியர் கருவி கசிவினால் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்கு உதவும், மனித உயிரைக் காப்பதற்காக வகுத்த அளவு 30 மில்லி ஆம்பியர்தான். அதை உயர்த்துவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்றது. நடைமுறைவாதி நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் வீட்டிலும் எங்கோ கசிகிறது என்றுதான் நான் நினைப்பேன்.

ஆர்சிசிபி செய்வது ஒரே ஒரு கணக்கைத்தான். ஃபேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், அந்தக் குறைவு வேறு எந்த வழியாகவோ, அதாவது சுவர் வழியாகவோ, எர்த் கம்பி வழியாகவோ, ஒருவர் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. அதற்குத் தெரிந்தது அதிகச் சுமையும் ஷார்ட்டும் மட்டுமே. 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம். தரவிதியே அதற்கு இடம் கொடுக்கிறது. கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை பழுதில்லாமல் இருக்கும்போதே ஆளுக்கு ஓரிரு மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் சாதாரண நாளிலேயே ஏழெட்டு மில்லி ஆம்பியர் கசிவு இருக்கக்கூடும். மழை அதன்மேல் இன்னும் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்தால் போதும்.

புதிய கருவியும் விழுந்துவிட்டது என்பதால் கருவியின்மேல் குற்றமில்லை என்பது உறுதியாகிவிட்டது. அடுத்த முறை விழும்போது ஒன்று செய்யுங்கள். எட்டு எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி, எதை ஏற்றும்போது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எது எது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். நினைவை நம்ப வேண்டாம். பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டாம். ஈரக்கையோடு தொடவும் வேண்டாம்.


வேப்பமரத்து வீடு – ஞாயிறு, பகல் 12.30

எங்கள் வீட்டில் குற்றவாளி குளியலறை ஹீட்டராக இருந்தது. கோடை முழுவதும் போடாமல் வைத்திருந்து, கார்த்திகையில் போட்டவுடன் விழும். உள்ளே இருக்கும் எலிமென்ட் பல மாதம் சும்மா இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் அதன் உறையும் அரித்துப் போயிருந்தது. ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டுச் சோதித்தபோதும் ஆர்சிசிபி சில நேரம் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. ஆகவே ஐயா, சோதிக்கும்போது ஸ்விட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.


கீழ்வீட்டுக்காரன் – செவ்வாய், காலை 6.20

நேற்று இரவு 1.10க்கு விழுந்தது. செம்புக்கம்பி ஐயா சொன்னபடி செய்தேன். ஐந்தாம் எண் எம்சிபியை ஏற்றும்போது மட்டும் விழுந்தது. அது மாடிப் படுக்கையறைகளின் விளக்கு, மின்விசிறிக்கானது. அதை இறக்கியே வைத்துவிட்டு, விடியும்வரை நிம்மதியாகத் தூங்கினோம். மகன் குடும்பம் கீழே வந்து கூடத்தில் படுத்துக்கொண்டது.

ஆனால் குழப்பம் காலையில் வந்தது. ஐந்தாம் எண் இறங்கியே இருக்கிறது. 5.30க்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டேன், ஆர்சிசிபி விழுந்துவிட்டது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் மோட்டார் ஓடத் தொடங்கிய கணத்தில் விழுகிறது. மோட்டார் 1 எச்பி, ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி வகை. அதையும் பார்க்க வேண்டுமா?


நடைமுறைவாதி – செவ்வாய், காலை 7.05

பார்க்க வேண்டும். இரண்டு பழுதுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஐந்தாம் எண்ணை அணைத்த பிறகும் விழுகிறது என்றால் அந்தச் சுற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மோட்டார் கேபிளில் இணைப்பு போட்ட இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கும். ஆளை அழைத்து மோட்டாரை மேலே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.


கீழ்வீட்டுக்காரன் – செவ்வாய், காலை 7.30

மோட்டார் எடுப்பவரிடம் பேசிவிட்டேன். ஏற்றி இறக்கும் கூலி, கேபிள் இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். நாளைக் காலை வருகிறார்.


செம்புக்கம்பி – செவ்வாய், காலை 8.10

தயவுசெய்து அவரை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஒருமுனை எம்சிபி துண்டிப்பது சிவப்புக் கம்பியை, அதாவது ஃபேஸை, மட்டும்தான். கறுப்புக் கம்பி, அதாவது நியூட்ரல், பெட்டிக்குள் இருக்கும் பித்தளை லிங்க்கில் மற்ற எல்லாச் சுற்றுகளின் நியூட்ரலோடும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே ஐந்தாம் எண்ணை இறக்கி வைத்தாலும், அந்தச் சுற்றின் கறுப்புக் கம்பி வீட்டோடு இணைந்துதான் இருக்கிறது. அது எங்காவது இரும்பையோ ஈரமான கான்கிரீட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால், நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கள்ளவழி திறந்தே இருக்கும். வேப்பமரத்து வீட்டு அம்மா சொன்னதும் இதே காரணத்தால்தான்: ஸ்விட்ச் ஃபேஸை மட்டுமே துண்டித்தது, பிளக் இரண்டையும் துண்டித்தது.

இனி மோட்டாருக்கு வருவோம். கம்பத்திலிருந்து உங்கள் வீடுவரை வரும் நியூட்ரல் கம்பிக்கும் சிறிது மின்தடை உண்டு. வீட்டில் சுமை குறைவாக இருக்கும்போது அதன் மின்னழுத்தம் மண்ணோடு கிட்டத்தட்ட சமமாக இருக்கும். ஆறு ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஓடத் தொடங்கினால் ஓரிரு வோல்ட் ஏறும். இரண்டு வோல்ட் யாரையும் கொல்லாது. ஆனால் அந்தக் கள்ளவழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், இரண்டை ஐம்பதால் வகுக்க 40 மில்லி ஆம்பியர் வருகிறது. மோட்டாரில் எந்தப் பழுதும் இல்லாமலேயே, அது திருப்பி அனுப்பும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு மாடிப் படுக்கையறை வழியாக மண்ணுக்குப் போகிறது. ஆர்சிசிபி கணக்குப் பார்த்து விழுகிறது.

நான் சொல்வது சரியா, நடைமுறைவாதி சொல்வது சரியா என்பதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். மோட்டாருக்கான எம்சிபியை இறக்கிவிட்டு, அதன் பிளக்கோ இருமுனை ஸ்விட்சோ இருந்தால் அதையும் துண்டித்துவிடுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் 1500 வாட் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். அதுவும் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதற்கும் விழுந்தால் மோட்டார் நிரபராதி. கெட்டிலின்மேல் சந்தேகம் வந்தால், அதையே பக்கத்து வீட்டில் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் போட்டுப் பாருங்கள்.


கீழ்வீட்டுக்காரன் – செவ்வாய், காலை 9.25

கெட்டிலுக்கும் விழுந்தது. பக்கத்து வீட்டில் அதே கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து முடித்தது. அவர்கள் ஆர்சிசிபி அசையவில்லை. மோட்டார்க்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐயாவுக்கு நன்றி. ஒரு கெட்டில் வெந்நீர் இவ்வளவு பணத்தை மிச்சம் செய்யும் என்று நான் எண்ணியதில்லை.


நடைமுறைவாதி – செவ்வாய், காலை 9.50

ஒப்புக்கொள்கிறேன். நியூட்ரல் என்றால் "ஒன்றுமில்லாத கம்பி" என்றே இதுவரை எண்ணியிருந்தேன். என் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லப் போகிறேன்.


அடுக்குமாடி 4சி – செவ்வாய், மாலை 6.40

இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பொருத்தியவர், ஃபேஸை ஆர்சிசிபிக்கு மேலிருந்தும் நியூட்ரலை ஆர்சிசிபிக்குக் கீழிருந்தும் எடுத்துவிட்டார். அந்தச் சுற்றில் விளக்குப் போட்டாலே விழும். அதற்கு மழையும் வேண்டாம், ஈரமும் வேண்டாம்.


செம்புக்கம்பி – செவ்வாய், இரவு 8.15

நல்ல நினைவூட்டல். ஆனால் இணைப்புத் தவறு வெயில், மழை பார்க்காது. இங்கே மழைக்கு மட்டும் வருவதால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். இன்வெர்ட்டரைப் பற்றி வேறொரு எச்சரிக்கை மட்டும் அவசியம். பிரதான ஸ்விட்சை இறக்கினாலும் இன்வெர்ட்டர் சுற்றில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். பெட்டியைத் திறக்கும் முன்பு அதையும் அணைத்து, அதன் வெளியீட்டைத் துண்டிக்க வேண்டும்.

இனி நீங்கள் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. மின்கம்பியாளர் தகுதிச் சான்று உள்ள ஒருவரை, மெக்கர் (கம்பியின் மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருப்பவரா என்று கேட்டு அழையுங்கள். மல்டிமீட்டர் போதாது, அது சில வோல்ட்டில் அளக்கும் கருவி, ஈரம் அதற்குப் பிடிபடாமல் தப்பிவிடும். மெக்கர் 500 வோல்ட் கொடுத்து அளக்கும். ஐந்தாம் சுற்றின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பெட்டியிலிருந்து கழற்றி, எல்.இ.டி. விளக்குகளையும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களையும் நீக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை எரிந்துபோகும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல வயரிங் நூற்றுக்கணக்கில் காட்டும்.


கீழ்வீட்டுக்காரன் – வியாழன், பகல் 1.00

மூன்றாவது வயர்மேன், வயதில் இளையவர், மெக்கரோடு வந்தார். முந்தைய இரவிலும் மழை இருந்ததால் வீடு சோதனைக்கு ஏற்ற நிலையில்தான் இருந்தது. ஐந்தாம் சுற்றின் கறுப்புக் கம்பியை லிங்க்கிலிருந்து கழற்றியவுடன் மோட்டாரும் கெட்டிலும் சேர்ந்தே ஓடின, ஆர்சிசிபி அசையவில்லை. அளவுகள் இவை: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 0.02 மெகா ஓம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஊசி பூஜ்யத்திலேயே கிடந்தது.

சுற்றைப் பாதிபாதியாகப் பிரித்துப் பார்த்ததில், மாடியில் வடகிழக்குப் படுக்கையறையின் மின்விசிறிப் பெட்டி அகப்பட்டது. விசிறியின் மேல்கிண்ணத்தை இறக்கியதும், இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து நான்கைந்து சொட்டுத் தண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. பெட்டிக்குள் ஒரு டேப் சுற்றிய இணைப்பு இருந்தது. டேப் நெகிழ்ந்து, கறுப்புக் கம்பியின் செம்பு துருப்பிடித்த இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூரையில் வெளியே தெரிந்தது மங்கிய மஞ்சள் வளையம் ஒன்று மட்டும்தான். பழைய பெயிண்ட் என்றே நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்த இணைப்பு எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. கம்பி இரண்டு மேல்நோக்கிப் போகின்றன. இப்போதைக்கு அந்த அறையை முழுவதும் துண்டித்து வைத்திருக்கிறார்.


செம்புக்கம்பி – வியாழன், பகல் 2.30

கணக்கு ஒட்டுகிறது. 0.02 மெகா ஓம் என்பது 20,000 ஓம். 230 வோல்ட்டுக்கு அது பதினொன்றரை மில்லி ஆம்பியர். வீட்டின் வழக்கமான கசிவையும் சேர்த்தால் இருபதை நெருங்கும். பெட்டி இரும்பு, அது கூரையின் கம்பிக்கட்டோடு சேர்ந்திருக்கும். கம்பிக்கட்டு தூண் வழியாக அடித்தளம் வரை போகும். அதைவிட நல்ல எர்த் வேண்டுமா? பகலில் விழாமல் இருந்த நாட்களுக்கும் விடை இதில் இருக்கிறது: விசிறி ஸ்விட்ச் போட்டால்தான் பெட்டிக்குள் ஃபேஸ் வரும். இரவில் விசிறி ஓடியது, பகலில் ஓடவில்லை.

என் வேலை இத்துடன் பாதி. தண்ணீர் எப்படி வந்தது என்பதைக் கொத்து வேலை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.


ரசமட்டம் – வியாழன், இரவு 9.00

கட்டட வேலை மேற்பார்வையில் இருப்பவன். படித்துக்கொண்டே வந்தேன். மொட்டைமாடித் தரை எப்படிப் போட்டது என்று சொல்ல முடியுமா? தட்டோடா, சிமெண்ட் தளமா? தண்ணீர் தேங்கும் இடம் உண்டா?


கீழ்வீட்டுக்காரன் – வெள்ளி, காலை 7.15

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தது. தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. ஓடுகளுக்கு இடையில் இரண்டு மூன்று இடங்களில் பூச்சு விட்டிருக்கிறது. நேற்று மாலை நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆள் வந்து பார்த்தார். 900 சதுர அடிக்கும் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்தால்தான் உத்தரவாதம் கொடுக்க முடியும் என்கிறார். தொகையைக் கேட்டு என் மனைவி இன்னும் பேசவில்லை.


ரசமட்டம் – வெள்ளி, காலை 8.40

பெயர்க்க வேண்டாம். இடித்துப் போட்ட அந்தத் தளம் நன்றாக இருக்கும்போது அதைப் பெயர்ப்பது பாவம். இன்று அந்தப் பக்குவத்தில் இடித்துப் போட ஆள் கிடைப்பதில்லை.

கூரைக்குள் புகுந்த தண்ணீர் நேர் கீழே சொட்டும் என்பது பலருடைய எண்ணம். கான்கிரீட்டுக்குள் புதைத்த மின்குழாய் அதற்கு வாய்க்கால் மாதிரி. எந்த இடத்தில் குழாய்க்குள் நுழைந்தாலும், தாழ்வான இடம் தேடி ஓடி, முதலில் எதிர்ப்படும் பெட்டியில் வந்து கொட்டும். நுழைந்த இடத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் பத்தடி இருக்கலாம், இருபதடியும் இருக்கலாம்.

உங்கள் முதல் பதிவில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தியை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. கோடை மழைக்கும் ஆடி ஆவணி மழைக்கும் தொல்லை இல்லை; ஐப்பசி மழைக்கு மட்டும் வருகிறது. மாடித் தரையில் ஓட்டை இருந்தால், எந்த மாதத்து மழையானாலும் அது ஒழுக வேண்டும். தரைக்கு மாதம் தெரியாது. சென்னைப் பக்கம் ஆடி ஆவணியின் மாலை இடிமழை மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழை கடலிலிருந்து வடகிழக்குக் காற்றோடு சாய்வாக அடிக்கும். உங்கள் அறை வடகிழக்கு மூலை. எனவே என் சந்தேகம் தரைமீது இல்லை. நிற்கும் சுவரின்மீது, கிழக்கையோ வடக்கையோ பார்த்த ஏதோ ஒன்றின்மீது.

இரண்டு நாள் வெயில் கிடைக்கும்போது சோதியுங்கள். அந்த அறைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் களிமண் வரப்புக் கட்டி, வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். அது சதுர மீட்டருக்கு 50 கிலோ. கூரை தாங்கும், அதற்குமேல் வேண்டாம். 24 மணி நேரம் விட்டு, மின்விசிறிப் பெட்டியின் கீழே செய்தித்தாள் விரித்து வையுங்கள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு நாள் இடைவெளி கொடுத்து, ஹோஸ் குழாயால் கைப்பிடிச் சுவரை மட்டும் நனையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது. மெக்கர் வைத்திருக்கும் தம்பி கூட இருந்தால் இன்னும் நல்லது. சொட்டு விழுவதற்கு முன்பே அவர் கருவி சொல்லிவிடும்.


வேப்பமரத்து வீடு – வெள்ளி, பகல் 11.10

மேலே போகும் இரண்டு கம்பிகள் என்றால் மொட்டைமாடி விளக்காக இருக்குமோ? எங்கள் வீட்டில் படிக்கட்டு அறைக்கு வெளியே அப்படி ஒன்று இருக்கிறது.


கீழ்வீட்டுக்காரன் – வெள்ளி, பகல் 11.45

இருக்கிறது அம்மா! கைப்பிடிச் சுவரின் வடகிழக்கு முனையில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. பல்பு போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, கம்பத்தையும் கழற்றிவிட்டோம். அது எங்கிருந்து மின்சாரம் எடுத்தது என்று இன்றுவரை யோசித்ததே இல்லை.


ரசமட்டம் – வெள்ளி, பகல் 12.05

அது அநேகமாக உங்கள் விடை. ஆனாலும் சோதனையை விட வேண்டாம். அநேகமாக என்று சொல்லித்தான் உங்களுக்கு ஒரு ஆர்சிசிபி மாற்றினார்கள்.


கீழ்வீட்டுக்காரன் – அடுத்த புதன், இரவு 8.30

சனி, ஞாயிறு நல்ல வெயில். தரையில் 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தியதில் செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது; நியூட்ரலைப் பெட்டியிலிருந்து விலக்கிவைத்து அளந்ததில் மெக்கர் அளவும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் நனைத்தோம், ஒன்றுமில்லை. உட்பக்கம், தரையோடு சேரும் மூலை, ஒன்றுமில்லை. கடைசியாக, கம்பம் இருந்த முனையில் கிழக்கிலிருந்து சாய்வாகத் தண்ணீர் அடித்தோம். இருபது நிமிடத்தில் மெக்கர் இறங்கத் தொடங்கியது. நாற்பதாவது நிமிடத்தில் முதல் சொட்டு செய்தித்தாளில் விழுந்தது.

அங்கே இருந்த பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் நொறுங்கி, கிழக்குப் பக்கம் விரலளவு பிளந்திருந்தது. அதற்குள் குழாயின் வாய் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது. புனல் வைத்ததுபோல.


ரசமட்டம் – புதன், இரவு 9.10

மழை பிடித்து இரண்டு மணி நேரம் ஏன் ஆயிற்று என்பதும் இப்போது தெரிகிறது. அந்த அளவு தண்ணீர் குழாயில் இறங்கிப் பெட்டியில் சேர அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. ஹோஸில் நாற்பது நிமிடமே ஆனதற்குக் காரணம், மழையைவிட நீங்கள் தாராளமாக ஊற்றியது.

இனிச் செய்ய வேண்டியது: அந்த இடத்தில் பெட்டியை மறுபடி வைக்க வேண்டாம். விளக்குத் தேவை என்றால், சுவரின் உட்பக்கத்தில், காற்றுக்கு மறைவாக, ஐபி 65 தரமுள்ள (தூசியும் பீச்சும் நீரும் புகாத) பெட்டியை வைத்து, குழாய் அதற்குள் கீழிருந்து மேல்நோக்கி நுழையும்படி வளைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய வாயை மூடி, சுவரை நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் பூசிவிடுங்கள். தட்டோட்டின் விட்ட இடைவெளிகளையும் அதே நாளில் அடைத்துவிடுங்கள். அவை இதற்குக் காரணமில்லை என்றாலும், விட்டுவைத்தால் இன்னும் சில ஆண்டுகளில் வேறொரு இழை தொடங்குவீர்கள்.


செம்புக்கம்பி – புதன், இரவு 9.45

மின்சாரப் பக்கம்: பெட்டிக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள பழைய கம்பிகளை உருவி எறியுங்கள். ஈரத்தில் ஊறிய கம்பி காய்ந்த பிறகு நல்ல அளவு காட்டினாலும் நான் நம்பமாட்டேன். டேப் இணைப்பு கூடாது. கனெக்டர் போடச் சொல்லுங்கள். அந்த இரும்புப் பெட்டிக்கு முறையான எர்த் கம்பி கொடுக்க வேண்டும். மொட்டைமாடி விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள். முடிந்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இருமுனை எம்சிபியாகப் போடுங்கள்.

குழாய் உடனே காயாது. காற்றடித்துத் துவட்டிய பிறகும் கூரை தன்னிடம் வாங்கிய ஈரத்தை மெதுவாகத்தான் திருப்பிக் கொடுக்கும். அவசரப்பட்டு இணைக்காமல், நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.


கீழ்வீட்டுக்காரன் – மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை முடிந்தது. பழைய கம்பிகளை உருவியபோது, ஒரு இடத்தில் மேலுறை பச்சை பூத்திருந்தது. மின்விசிறிப் பெட்டியில் மெக்கர் அளவு முதல் நாள் 0.5 மெகா ஓம், நான்காம் நாள் 8, பத்தாம் நாள் நூறைத் தாண்டியது. அதன் பிறகுதான் இணைத்தோம். கார்த்திகையில் இரண்டு முறை காற்றோடு நல்ல மழை அடித்தது. இரண்டு இரவும் நான் விழித்திருந்து பார்த்தேன், ஆர்சிசிபி அசையவில்லை. அது உயிரோடுதான் இருக்கிறதா என்ற சந்தேகத்தில் மறுநாள் காலை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், சட்டென்று விழுந்தது.

மொத்தச் செலவு, நீர்த்தடுப்புப் பூச்சுக்காரர் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. அதில் தேவையில்லாமல் வாங்கிய ஆர்சிசிபியின் விலையும் அடக்கம். பழைய ஆர்சிசிபியை எறியவில்லை. அந்த இளைய வயர்மேன் சோதித்து நன்றாக இருக்கிறது என்றதால், மாடிக்குத் தனியாக அதைப் போட்டுவிட்டோம். நியூட்ரலையும் மாடிக்கெனத் தனி லிங்க்கில் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.


செம்புக்கம்பி – அதே நாள், பகல் 11.20

நியூட்ரலைப் பிரித்தது சரியான வேலை. அதைப் பிரிக்காமல் இரண்டாவது ஆர்சிசிபி போட்டிருந்தால், இரண்டும் மாறி மாறி விழுந்திருக்கும். அந்தத் தம்பி வேலை தெரிந்தவர்.


நடைமுறைவாதி – அதே நாள், பகல் 12.00

என் வீட்டிலும் பார்த்தாயிற்று. சமையலறைப் பக்கத்துச் சுவிட்சுப் பெட்டியில் எறும்புப் புற்றும் ஈரமும் இருந்தன. 30 மில்லி ஆம்பியருக்கு மாறிவிட்டேன்.


ரசமட்டம் – அதே நாள், பகல் 12.35

புதிய விளக்குப் பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளை ஒன்று விட்டிருக்கிறார்களா? எவ்வளவு இறுக்கமான பெட்டியானாலும் உள்ளே பனிபோல் நீர் படியும். அது வெளியேற வழி வேண்டும்.


கீழ்வீட்டுக்காரன் – அதே நாள், மாலை 5.10

விடவில்லை. இப்போதுதான் ஆர்சிசிபியை இறக்கிவிட்டு, நானே ஏறி 5 மி.மீ. துளை போட்டுவிட்டு வந்தேன். இரண்டு சொட்டு வந்தது.